சூரியன் அணைவது தெரியும், காவிரி வருமா?

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் ஆடி அமாவாசைக்கு விடியுமுன்பே போனால்தான் படித்துறையில் உட்கார இடம் கிடைக்கும். வாத்தியார் ஒவ்வொருவர் முன்னாலும் ஈர வேட்டியோடு பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். எள்ளும் தர்ப்பையும் கைக்கு வந்ததும் சங்கல்பம் தொடங்கும். யாருக்குத் தர்ப்பணம், என்ன கோத்திரம் என்பதெல்லாம் பிறகுதான். முதலில் வருவது காலக் கணக்கு. பிரம்மாவின் ஆயுளில் பாதி முடிந்து மறுபாதி நடக்கிறது. அதில் இன்ன கல்பம், இன்ன மன்வந்தரம், இருபத்தெட்டாவது சதுர்யுகத்தின் கலியுகம், அதிலும் முதல் கால் பகுதி என்று மேலிருந்து இறங்கி வந்து, வருஷம், அயனம், ருது, மாதம், பட்சம் கடந்து, இன்றைய திதியிலும் கிழமையிலும் முடியும். கூடவே சொல்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பொருள் தெரியாது. பஸ் பிடிக்கும் அவசரம் வேறு.

ஆனாலும் இந்தச் சடங்கில் எனக்கு ஒரு வியப்பு உண்டு. சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏறி வந்த ஒரு சாதாரண மனிதருக்கு, கோடிக்கணக்கான ஆண்டுகள் நீளமுள்ள ஒரு வரிசையில் நீ நிற்கும் இடம் இது என்று சொல்லி அனுப்பும் இடம் உலகத்தில் அதிகம் இருக்காது. கலியுகம் மொத்தம் 4,32,000 ஆண்டுகள். கடந்தது 5,100 சொச்சம். அதாவது இன்னும் 4,26,000 ஆண்டுகளுக்கு மேல் பாக்கி இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு கல்பம் 432 கோடி ஆண்டுகள், பூமியின் வயது 454 கோடி ஆண்டுகள், ஆகவே முன்னோர்கள் பூமியின் வயதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருஷா வருஷம் சுற்றுகிறது. அதே புராணக் கணக்கின்படி இந்தக் கல்பத்தில் இதுவரை கழிந்தது சுமார் 197 கோடி ஆண்டுகள்தான். ஒரு கல்பத்தின் முழு நீளத்தை எடுத்துப் பூமியின் இன்றைய வயதோடு பொருத்துவது கணக்கே ஆகாது. முன்னோரிடம் பாராட்ட வேண்டியது அந்த எண்ணை அல்ல, நமக்குப் பின்னும் இவ்வளவு காலம் கிடக்கிறது என்று நினைத்துப் பார்த்த துணிச்சலை.

அந்த 4,26,000 ஆண்டுகளில் என்ன நடக்கும்? மனிதர்கள் இருப்பார்களா? இந்தப் படித்துறைக்குக் காவிரி வருமா? அறிவியல் இதில் எவ்வளவு சொல்லும், எதைச் சொல்லவே முடியாது என்பதுதான் இந்த அத்தியாயம்.

எளிதான கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம். எளிதானது சூரியன்.

அம்மா மண்டபத்திலிருந்து திருவானைக்காவல் அதிக தூரமில்லை. இரண்டும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள ஒரே தீவு. 1888 நவம்பர் 7 அன்று சி.வி. ராமன் பிறந்தது திருவானைக்காவலில். அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-ல், பத்தொன்பது வயதில், பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிந்து முடிந்த நட்சத்திரத்துக்கு என்ன ஆகும் என்று கப்பலில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அது பின்னால் செப்பமாகி, சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு நிறை வரை உள்ள நட்சத்திரச் சடலம் வெள்ளைக் குள்ளனாக அடங்கும், அதற்கு மேல் போனால் தன் எடையைத் தானே தாங்காது என்ற எல்லைக் கோடாக நிலைத்தது. 1983-ல் நோபல் பரிசு வந்தது. சூரியன் அந்தக் கோட்டுக்கு உள்ளே பத்திரமாக இருக்கிறது. ஆகவே அதன் முடிவு நமக்குத் தெரியும்: இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் மையத்து ஹைட்ரஜன் தீரும், சூரியன் செம்பெரும் பூதமாக வீங்கும், புதனும் வெள்ளியும் உள்ளே போகும், பூமி தப்புவது சந்தேகம், கடைசியில் பூமியளவே உள்ள ஒரு வெள்ளைக் குள்ளன் மிஞ்சி மெல்ல ஆறும்.

அவ்வளவு காலம் நமக்குத் தேவையும் இல்லை. சூரியனின் மையத்தில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாற மாற, மையம் இறுகிச் சூடேறுகிறது. அதனால் சூரியன் 100 கோடி ஆண்டுகளுக்குச் சுமார் 10 சதவீதம் வீதம் பிரகாசமாகிக்கொண்டே போகிறது. வெயில் ஏறினால் பாறைகள் வேகமாகச் சிதைந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும். இன்று அந்த வாயு அதிகமாகிவிட்டதே என்று அலறுகிறோம். பல பத்துக் கோடி ஆண்டுகளில் அது போதாமல் செடிகள் பட்டினி கிடக்கும். 100 கோடி ஆண்டுவாக்கில் கடல்கள் ஆவியாகத் தொடங்கும்.

இதை இவ்வளவு தைரியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், நட்சத்திரம் ஒரு எளிய பொருள். ஈர்ப்பு உள்ளே அமுக்குகிறது, வெப்பம் வெளியே தள்ளுகிறது. இதில் யாருடைய விருப்பு வெறுப்பும் கிடையாது, தேர்தல் கிடையாது, கண்டுபிடிப்பு கிடையாது.

ஒரு பொருளிலிருந்து பல பொருளுக்குப் போனால் உடனே சிக்கல் வந்துவிடும். கோள்கள் ஒன்றையொன்று இழுக்கின்றன. பிரெஞ்சு வானியலாளர் ஜாக் லாஸ்கர் 1989-ல் காட்டியது இது: பூமி இன்று இருக்கும் இடத்தை அளப்பதில் 15 மீட்டர் பிசகினால், 1 கோடி ஆண்டில் அது 150 மீட்டர் பிசகாக வளரும். அதுவரை பரவாயில்லை. 10 கோடி ஆண்டில் அதுவே 15 கோடி கிலோமீட்டர் ஆகிவிடும். அது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம். ஆக, 10 கோடி ஆண்டுகளுக்குப் பிறகும் சூரியன் எரியும் என்று சத்தியம் செய்யலாம். ஆனால் இன்றிலிருந்து சரியாக எண்ணிக்கொண்டு போய் அங்கே ஒரு நாளைக் குறித்தால், அன்று ஆடியா தையா என்று சொல்ல எந்தக் கணினியாலும் ஆகாது. 2009-ல் லாஸ்கர் குழு 2,501 விதமாகக் கோள்களை ஓட்டிப் பார்த்தது. சூரியன் அணைவதற்குள் புதனின் பாதை நிலைகுலைய நூற்றுக்கு ஒன்று வாய்ப்பு இருப்பதாகத் தெரிந்தது. அந்த ஓட்டங்களில் எது நம்முடையது என்பது தெரியவில்லை.

வானியல் கணிப்பே இப்படி மாறிக்கொண்டிருக்கிறது. 400 கோடி ஆண்டுகளில் ஆந்திரோமீடா விண்மீன் மண்டலம் நம் பால்வெளியோடு மோதியே தீரும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தோம். 2025-ல் புதிய அளவுகளை வைத்துக் கணக்கிட்டவர்கள், 1,000 கோடி ஆண்டுகளுக்குள் மோதுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புதான் என்கிறார்கள்.

இனி காவிரி.

2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் காவிரி வழக்கில் இறுதித் தீர்ப்புச் சொன்னது. நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்குக் கொடுத்திருந்த 192 டி.எம்.சி., 177.25 டி.எம்.சி. ஆகக் குறைந்தது. டெல்டாவில் அன்று பேச்செல்லாம் தண்ணீர் இல்லாததைப் பற்றி. ஆறு மாதம் கழிந்தது. குடகிலும் கேரளத்திலும் மழை கொட்டியது, மேட்டூர் நிரம்பி வழிந்தது, முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடத்துக்குத் திருப்பிவிட்ட வெள்ளம் கரை புரண்டது. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்கத்து மதகுகளில் 9 உடைந்து போயின. 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் எழுந்த அணை அது. ஆற்றில் மணல் அள்ளியதுதான் காரணம் என்று ஊரில் பேசினார்கள், வெள்ளத்தின் வேகம் என்றது அரசு. தண்ணீர் போதாது என்று வழக்காடிய ஆண்டிலேயே தண்ணீர் அணையை உடைத்தது.

வானிலையைச் சுமார் இரண்டு வாரத்துக்கு மேல் நாள்வாரியாகச் சொல்ல முடியாது என்பது இயற்கையே போட்ட வேலி. 1960-களில் எட்வர்டு லோரன்ஸ் அதைக் காட்டினார். சிறு பிசகு பெருகும் அதே நோய்தான், கோள்களுக்கு அது கோடி ஆண்டில் முற்றுகிறது, மேகங்களுக்குப் பதினைந்து நாளில். காவிரிக்கோ மழை மட்டும் போதாது. கிருஷ்ணராஜ சாகர், கபினி, மேட்டூர், பெங்களூரின் தாகம், நீதிமன்றம், ஆணையம், மணல் லாரி எல்லாம் அதில் இருக்கின்றன. சூரியனுக்கு 500 கோடி ஆண்டு சொல்லும் அறிவியல், 2125 ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்தில் எத்தனை படி நனையும் என்று கேட்டால் வாயை மூடிக்கொள்கிறது.

*

மனித குலத்தையே எடுத்துக்கொண்டால்? இதற்கு ஒரு விசித்திரமான கணக்கு இருக்கிறது. ரிச்சர்டு காட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1969-ல், இளைஞராக, பெர்லின் சுவரைப் பார்க்கப் போனார். சுவருக்கு அப்போது 8 வயது. அதன் அரசியல் எனக்குத் தெரியாது, ஆனால் நான் வந்த நேரத்துக்கு எந்தச் சிறப்பும் இல்லை என்று அவர் யோசித்தார். அதன் ஆயுளின் நடு இரண்டு கால் பகுதிகளில் ஏதோ ஒரு கணத்தில் நான் வந்திருக்கப் பாதி வாய்ப்பு. அப்படியானால் இன்னும் 2 ஆண்டு 8 மாதத்திலிருந்து 24 ஆண்டுக்குள் அது போய்விடும். இருபது ஆண்டில் போனது. 1993-ல் 'நேச்சர்' இதழில் இதை 95 சதவீத உறுதிக்கு நீட்டி எழுதினார். ஒன்றின் இதுவரையான வயதை 39-ஆல் வகுத்தால் மீதி ஆயுளின் கீழ் எல்லை; 39-ஆல் பெருக்கினால் மேல் எல்லை. மனித இனத்துக்கு 2 லட்சம் ஆண்டு என்று அன்று வைத்து, குறைந்தது 5,100 ஆண்டு, அதிகம் போனால் 78 லட்சம் ஆண்டு என்றார். மொராக்கோவில் கிடைத்த எலும்புகளால் இன்று நம் வயது 3 லட்சம் ஆகிவிட்டதால் கீழ் எல்லை 7,700-ஐ ஒட்டியும், மேல் எல்லை 1 கோடியே 17 லட்சமாகவும் ஏறிவிடும்.

இதைத் திருச்சியில் போட்டுப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. கல்லணைக்கு 1,800 ஆண்டு என்று வையுங்கள்: இன்னும் 46 ஆண்டிலிருந்து 70,200 ஆண்டு வரை. முக்கொம்பு மேலணைக்கு 2017-ல் வயது 181. யாராவது அப்போது கணக்குப் போட்டிருந்தால், இன்னும் நாலரை ஆண்டாவது நிற்கும் என்று வந்திருக்கும். அடுத்த ஆண்டே ஒன்பது மதகு போயிற்று. கணக்கு பொய்யாகிவிடவில்லை, நூற்றில் ஐந்து முறை தப்பும் என்று அதுவே சொல்லித்தான் வைத்திருக்கிறது. அந்த ஐந்தில் அகப்பட்டவர்களுக்கு அது ஆறுதல் ஆகாது.

இந்த முறையின் பலமும் பலவீனமும் ஒன்றே: எதுவும் தெரியாதவன் போடும் கணக்கு இது. அடித்தளத்து மணலின் ஆழத்தை அளந்த ஒரு பொதுப்பணித் துறை பொறியாளர் ரிச்சர்டு காட்டைவிட நன்றாகச் சொல்லியிருப்பார். மனித இனத்துக்கு அப்படி அளந்து சொல்லும் பொறியாளர் கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதி டோபி ஆர்டு 2020-ல், இந்த நூற்றாண்டில் மனித குலம் மீள முடியாத பேரழிவைச் சந்திக்க ஆறில் ஒன்று வாய்ப்பு என்று எழுதினார். விண்கல், எரிமலை போன்ற இயற்கை ஆபத்தெல்லாம் சேர்த்து நூற்றாண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுதான். மற்றதெல்லாம் நாமே வரவழைப்பது என்பது அவர் மதிப்பு. இரண்டாவது எண்ணுக்குப் பாறைகளில் ஆதாரம் இருக்கிறது. முதல் எண் யோசித்துச் சொன்ன ஊகம், அளந்து வந்ததல்ல. எண்ணாக எழுதிவிட்டால் அளந்ததுபோல் தோன்றிவிடுகிறது, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்துக்கும் காட் கணக்கைப் போடலாம். குடமுழுக்கு நடந்தது 1987 மார்ச்சில். 2026-ல் வயது 39. ஆக மீதி ஆயுள் ஓர் ஆண்டிலிருந்து 1,521 ஆண்டு வரை! ஆனால் இந்தக் கோபுரத்தின் உண்மையான கதை கணக்கில் அடங்காது. விஜயநகரத்து அச்சுத தேவராயர் காலத்தில், பதினாறாம் நூற்றாண்டில், கல்லாலான அடித்தளத்தை எழுப்பினார்கள். அதோடு நின்றது. நாயக்கர் வந்து போனார்கள், ஆற்காட்டு நவாபுக்காகப் பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் இந்தத் தீவில் அடித்துக்கொண்டார்கள், சுதந்திரம் வந்தது, மொட்டையாகவே நின்றது. வழியில் போன இருபது தலைமுறையும் இது இப்படித்தான் என்றே நினைத்திருக்கும். பிறகு அகோபில மடத்தின் 44-ஆவது ஜீயர் அழகியசிங்கர் எடுத்துக்கட்டினார். 1979-ல் தொடங்கி எட்டே ஆண்டுகளில் 13 நிலையும் 236 அடியுமாக எழுந்துவிட்டது. கல்லை ஏற்றிய தச்சனுக்கு இதைச் சொல்ல வழியில்லை. மேலே வந்தது செங்கல்லும் சிமெண்டும் என்று சொன்னால் சிமெண்ட் என்றால் என்னவென்று கேட்டிருப்பான்.

அந்தச் சிமெண்டில்தான் விஷயம் இருக்கிறது. மனிதரின் வருங்காலம் அவர்கள் இனிமேல் கண்டுபிடிக்கப் போவதைப் பொறுத்தது. நாளைக்குக் கண்டுபிடிக்கப் போவது இன்றே தெரிந்துவிட்டால் அது இன்றைய கண்டுபிடிப்பு. எனவே அதை முன்கூட்டிச் சொல்வது தர்க்கப்படியே ஆகாது. கார்ல் பாப்பர் 1957-ல் தம் நூலில் வைத்த வாதம் இது. கணினி எவ்வளவு பெரிதானாலும் இந்தப் பூட்டு திறக்காது.

இதற்குச் சாட்சி ஸ்ரீரங்கத்திலேயே உண்டு. பாட்டி வீட்டில் இந்த ஊரில் வளர்ந்து, திருச்சி ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்த ரங்கராஜன், சுஜாதா என்ற பெயரில் 1980-களில் 'என் இனிய இயந்திரா' எழுதினார். கதை நடப்பது 2020-களின் தொடக்கத்து இந்தியாவில். அதில் ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படிக்கும், வாதம் செய்யும். 2008-ல் சுஜாதா காலமானார். அவர் குறித்து வைத்த ஆண்டுகள் வந்தபோது திருச்சி முகக்கவசம் போட்டுக்கொண்டிருந்தது. பேசும் இயந்திரமும் உண்மையிலேயே வந்து சேர்ந்தது, நாயாக வரவில்லை, சட்டைப் பையிலிருக்கும் போனுக்குள் வந்தது. காந்தி மார்க்கெட்டில் கீரைக் கட்டுக்குப் பக்கத்தில் க்யூஆர் அட்டை சாய்த்து வைத்திருப்பதை 1985-ல் யார் எழுதியிருந்தாலும் நாம் நம்பியிருக்க மாட்டோம். இயற்பியல் தெரிந்த, மின்னணுத் துறையில் வேலை பார்த்த, தமிழில் இதற்கென்றே பிறந்த ஒரு மனிதருக்கு முப்பத்தைந்து ஆண்டு தூரம் இப்படித் தெரிந்தது என்றால், 4 லட்சம் ஆண்டைப் பற்றி யார் என்ன சொன்னாலும் கதையாகத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

*

நமக்கு அவர்களைத் தெரியாது. அவர்களுக்கு நம்மைத் தெரியுமா?

மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையாரைப் பார்க்கப் படியேறுகிறவர்கள் வழியிலிருக்கும் ஒரு குடைவரையை மூச்சு வாங்கிக்கொண்டே கடந்து போகிறார்கள். லலிதாங்குர பல்லவேசுவர கிருகம் என்பது அதன் பெயர். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்தது. உள்ளே ஒரு பக்கச் சுவர் முழுவதும் கங்காதரர், சடையில் கங்கையை ஏந்தி நிற்கிறார். அதை ஒட்டிய தூண்களில் வடமொழிச் சுலோகங்களைப் பல்லவ கிரந்தத்தில் வெட்டியிருக்கிறார்கள். ராஜா தன் புகழ் அழியாதிருக்கக் கல்லைத் தேர்ந்தெடுத்தான். கல்லும் சொன்ன சொல் தவறாமல் 1,400 ஆண்டு காப்பாற்றிவிட்டது. படிக்கத்தான் ஆள் இல்லை. எழுத்து தெரிந்த சிலர் படித்து அச்சேற்றியதால்தான் அதில் காவிரியைப் பற்றியும் பேச்சு வருகிறது என்று நமக்குத் தெரிகிறது.

இந்தக் கவலை அணுசக்திக்காரர்களுக்கு உண்டு. புளூட்டோனியம்-239 பாதியாகக் குறைய 24,100 ஆண்டு ஆகும். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உப்புப் பாறைக்குள் அணுக்கழிவைப் புதைக்கத் திட்டமிட்டவர்கள், 10,000 ஆண்டுக்குப் பின் அங்கே தோண்ட வருகிறவனை எப்படி எச்சரிப்பது என்று 1990-களில் மொழியியலாளர், மானுடவியலாளர்களையெல்லாம் கூட்டி யோசித்தார்கள். முள் முள்ளாகக் கல் நடலாமா, அலறும் முகம் செதுக்கலாமா என்றெல்லாம் யோசனை வந்தது. 1,400 ஆண்டிலேயே வாசகர்களை இழந்த மகேந்திரவர்மனை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். 1977-ல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களில் 55 மொழிகளில் வாழ்த்து அனுப்பினோம். தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் உண்டு. தமிழ் இல்லை! வாயேஜர் 1 இன்னொரு நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் போகவே 40,000 ஆண்டு ஆகும் என்பதால் நான் கோபத்தை ஆற்றிக்கொண்டேன்.

எழுதி வைப்பது தங்காது என்றால் எது தங்கும்? அதற்குத் திருச்சிக்கு வடக்கே போக வேண்டும்.

பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்த பெரம்பலூர், அரியலூர் பகுதி ஒருகாலத்தில் கடல். 1862-ல் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை வகைப்படுத்தி எழுதியபோது ஓர் அடுக்குக்கு ஊட்டத்தூர் என்றும், அடுத்ததற்குத் திருச்சிராப்பள்ளி என்றும், மேலுள்ளதற்கு அரியலூர் என்றும் ஊர்ப் பெயரையே வைத்தார். உலகத்தில் எங்கே கிரிட்டேசியஸ் காலத்தைப் படித்தாலும் இந்தப் பெயர்கள் வரும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப் படுத்திருக்கும் ஊசியிலை மரத்தை எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் உலகுக்குச் சொன்னார். அதற்குச் சுமார் 12 கோடி வயது போடுகிறது இந்தியப் புவியியல் ஆய்வு மையம். அந்த மரம் நின்ற காலத்தில் இந்தியா அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்து தெற்குக் கோளத்தில் மிதந்துகொண்டிருந்தது. இமயமலை கிடையாது, காவிரியும் கிடையாது.

காரை கிராமத்துக்குப் போனால் புல் முளைக்காத களிமண் மேடுகள் மழையில் அரித்து வரி வரியாக நிற்கும். நடுவே ஜிப்சம் கோடுகள் வெயிலில் பளபளக்கும். குனிந்து பார்த்தால் துப்பாக்கிக் குண்டு போல் வழவழவென்று ஒரு கல். பெலம்னைட் என்ற கணவாய் இனத்தின் உள்ளோடு அது. சுருள் சுருளாக, விலா எலும்பு போல் வரிகள் தெரிவது அம்மோனைட். அம்மோனைட்டுகள் 30 கோடி ஆண்டுக்கு மேல் கடலை ஆண்டு, 6.6 கோடி ஆண்டு முன் டைனோசர்களோடு சேர்ந்து போய்விட்டன. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் முழுவதும் சிப்பி மேல் சிப்பி. அதை வெட்டித்தான் அரியலூரில் சிமெண்ட் காய்ச்சுகிறார்கள். காவிரிக் கரையோரம் எழும் அடுக்குமாடிகளில் அந்தச் சிப்பிகள் இருக்கின்றன.

கடல் திரும்பவும் வரலாம். உலகத்துப் பனி முழுவதும் உருகினால் கடல் மட்டம் 65 மீட்டருக்கு மேல் ஏறும். அதற்குப் பல ஆயிரம் ஆண்டு ஆகும், ஆகியே தீரும் என்றும் இல்லை. ஆனால் ஏறினால் திருவாரூர், மயிலாடுதுறை, கும்பகோணம் எல்லாம் தண்ணீருக்கு அடியில். சுமார் 80 மீட்டர் உயரத்திலிருக்கும் திருச்சி கடற்கரைப் பட்டினம்.

நம்மில் எது தங்கும் என்ற கேள்விக்கு இந்தக் களிமண் ஒரு வேடிக்கையான விடை வைத்திருக்கிறது. உயரத்தில் இருப்பது அரிபடும், பள்ளத்தில் படிவது புதைந்து தங்கும். மலைக்கோட்டைப் பாறை எவ்வளவு கெட்டியானாலும் வெட்ட வெளியில் நிற்கிறது. லட்சக்கணக்கான ஆண்டில் மழையும் வெயிலும் மகேந்திரவர்மனின் எழுத்தை வழித்துவிடும். 236 அடி கோபுரத்துக்கு அதைவிடக் குறைந்த காலம் போதும். தர்ப்பணம் முடித்தவர் படித்துறையில் போட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக் டம்ளர் ஆற்றோடு போய் டெல்டாச் சேற்றில் புதைந்தால், கல்லில் ஒரு மெல்லிய அச்சாக அதற்கு நீண்ட ஆயுள் கிடைக்கலாம். மனிதர் காலத்துக்குத் தனிப் புவியியல் சகாப்தம் தர வேண்டும் என்ற கோரிக்கையை 2024-ல் அதற்கான குழு ஓட்டுப் போட்டுத் தள்ளிவிட்டது. பெயர் இல்லாவிட்டாலும் படிவு படிவுதான்.

கல் எதைக் காக்கும், எதை விடும் என்பதற்கு அத்திரம்பாக்கமும் ஓர் உதாரணம். சென்னைக்கு வடமேற்கே கொசஸ்தலை ஆற்றோரம் கிடைத்த கைக்கோடரிகளுக்கு 15 லட்சம் வயது என்று சாந்தி பப்பு குழு 2011-ல் அறிவித்தது. நம் இனம் தோன்றுவதற்கு வெகு முன்பே தமிழ் மண்ணில் கல்லுடைத்தவர்கள். அவர்கள் எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பேசினார்களா, செத்தவரைப் பார்த்து அழுதார்களா, ஆற்றுக்கு ஏதாவது பெயர் வைத்திருந்தார்களா? ஆய்வுக்குப் பணம் போதாததால் தெரியாமல் இருப்பவை அல்ல இவை. சாட்சியே மிஞ்சவில்லை.

சாட்சி அழிவது வானத்திலும் நடக்கும். பிரபஞ்சம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998-ல் தெரிந்தது. அப்படி விரியச் செய்யும் இருண்ட ஆற்றல் இப்படியே தொடர்ந்தால், பத்தாயிரம் கோடி ஆண்டுகளைத் தாண்டிய ஒரு காலத்தில் நம் கூட்டத்தைச் சேராத விண்மீன் மண்டலங்கள் எல்லாம் எந்தத் தொலைநோக்கிக்கும் எட்டாமல் போய்விடும். பெருவெடிப்பின் மிச்சமான நுண்ணலையும் இழுபட்டு நீர்த்துவிடும். லாரன்ஸ் கிராஸும் ராபர்ட் ஷெரரும் 2007-ல் எழுதியபடி, அன்று பிறக்கும் வானியலாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பெருவெடிப்பு நடந்ததைக் கண்டுபிடிக்க வழி இருக்காது. ஒரே விண்மீன் தீவு, சுற்றிலும் வெறும் இருட்டு, அதுதான் பிரபஞ்சம் என்று முடிவு கட்டுவார். அவர் பக்கம் கணக்கில் தப்பே இருக்காது. அப்படி நாம் பிறப்பதற்கு முன்பே கண்ணுக்கு மறைந்துவிட்ட சாட்சி எது என்று கேட்டால், அதைக் கேட்கவும் நமக்குத் துப்பு இல்லை.

விண்மீன் மண்டலங்கள் மறைவதை யாராலும் நிறுத்த முடியாது. காரையில் நடப்பதை நிறுத்தலாம். விடுமுறை நாட்களில் வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் அம்மோனைட்டைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். எந்த மேட்டில், எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் ஒரு புதைபடிவத்தின் பாதிச் செய்தி. வீட்டு ஷோகேசுக்கு வந்த பிறகு அது வெறும் கல். நீங்களும் போங்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். தொட்டுப் பாருங்கள், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லை மட்டும் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.